வண்டிக் கூரையில் மணவறை ஏற்றுவது பற்றி

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, காப்பி குடித்து, ஜன்னலை மூடிவிட்டு, உன் அம்மாவும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். நம் வண்டியின் கூரைமேல் பதினான்கு வருஷமாகச் சாமான் ஏற்றப் பயன்பட்டுவந்த இரும்புச் சட்டத்தை, அதாவது கலேரியை, கழற்றி உனக்குக் கொடுத்துவிடுவது என்பதே அந்த முடிவு. விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. கலேரி இல்லாத வண்டியைத் தெருவில் யாரும் மதிக்கமாட்டார்கள் என்றேன் நான். கலேரி இருக்கிறவரை நீங்கள் எதையாவது அதன்மேல் ஏற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள் என்றாள் அம்மா. கண் மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தை மேஜைமேல் எடுத்து வைத்தாள். வாக்குகள் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாயின. வாக்குகள் சமமானால் அம்மா சொல்வதே சட்டம் என்பது நம் வீட்டின் அரசியல் சாசனம் என்பது உனக்குத் தெரியும். நாலு மறையாணிகளில் மூன்றைக் கழற்றிவிட்டேன். நாலாவது துருப்பிடித்து இறுகிவிட்டது. அதற்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

கலேரியை மட்டும் அனுப்பினால் போதாது என்று தோன்றியதால் இந்தக் கடிதம். லூயி-பிளாங் தெரு நிலவறையில் இருக்கும் மணவறையை அடுத்த மாதம் உன் நண்பனின் கலியாணத்துக்காகப் பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்க்கு நீயே ஏற்றிக்கொண்டு போகப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாய். எப்படி ஏற்றுவாய் என்று கேட்டேன். "ஒரு கயிறு போதும்ப்பா, அதில் என்ன இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னாய். பிரெஞ்சில் உன்னோடு வாதாடினால் நான் தோற்றுவிடுவேன். தமிழில், அதுவும் எழுத்தில், உனக்கு வேகம் குறைவு. இந்தக் கடிதத்தை மெதுவாக வாசிப்பதே நல்லது என்பதால் அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அந்த மணவறையை நீ கலியாண வீடுகளில் விளக்கும் பூவுமாகப் பார்த்திருப்பாய். கழற்றிய நிலையில் பார்த்திருக்கமாட்டாய். கழற்றிவிட்டால் அது எட்டு ஒட்டுப்பலகைத் தட்டிகளும், நாலு கால்களும், ஒரு பை நிறைய மறையாணிகளும்தான். மூன்று பக்கச் சுவர், மேலே கூரை, பின்னால் ஒரு பெரிய வளைந்த தட்டி. கையில் தூக்கினால் ஒவ்வொன்றும் இலேசுதான். இலேசாக இருப்பதுதான் ஆபத்து. இரும்புப் பெட்டியை வண்டிமேல் வைத்தால் அதன் பாரமே அதை அங்கே உட்கார வைக்கும். ஒட்டுப்பலகைத் தட்டி அப்படியல்ல. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன்விளிம்பின் அடியில் காற்று நுழையும். நுழைந்த காற்று அதைத் தூக்கும். விமானத்தின் இறக்கையும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு விமானியையும் வைத்திருக்கிறார்கள்.

அந்த மணவறையைச் செய்தவர் யோகன் என்பவர். உனக்கு அவரைத் தெரியாது. நீ பட்டாளத்துக்குப் போய் நான்சி நகரத்துப் பக்கம் ஒரு முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த வருஷம் அவர் இங்கே இருந்தார். யாழ்ப்பாணத்தில் சித்திர வாத்தியார். இங்கே லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினார். அந்தக் கடையின் நிலவறையில், ஓய்வு நாட்களில், பெட்டிப் பலகைகளையும் குளிர்சாதனப் பெட்டிகளோடு வரும் வெள்ளை நுரை அட்டைகளையும் (யாழ்ப்பாணத்தார் அதை ரெஜிபோம் என்பார்கள்) வெட்டி ஒட்டி அதைச் செய்தார். எங்களுக்குத் தெரிந்து பாரிஸில் அப்போது வேறு மணவறை கிடையாது. மனைவியும் ஆறு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அகதி என்று இந்த அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் அவர்களை முறைப்படி அழைத்துக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவரே புறப்பட வேண்டியதுதான். விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ரெசெப்பிசே என்ற ஒற்றைக் காகிதம்தான் அவர் இங்கே இருப்பதற்கு ஆதாரம். பால் வாங்கக் கீழே இறங்கினாலும் அது சட்டைப்பையில் இருக்கும். மடித்து மடித்து நாலு துண்டாகும் நிலைக்கு வந்திருந்தது.

இலங்கையிலிருந்து தப்பிப் பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் வந்து இறங்கியவர்களுக்கு அந்த வருஷங்களில் என்னிடம் இருந்த மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. என் பிரெஞ்சு, என் பெர்மி என்ற ஓட்டுநர் உரிமம், என் கலேரி. நான் வாசித்த புத்தகங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. புதுச்சேரிக்காரன், கிறிஸ்தவன், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா என்று எல்லாவற்றிலும் அவர்களிலிருந்து ஒரு படி தள்ளி நின்ற என்னை அவர்கள் "அண்ணை" என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அலுவலகத்தில் முப்பது பேர் என்னை "முசே" என்று கூப்பிட்டும் கிடைக்காத ஒரு சுகம் அதில் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒருவன் தன் வண்டியைத் தவறாகக் கட்ட விடுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. சுகத்தால்.

ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில் காய்கறிக் கடை வைத்திருந்த சண்முகம் தன் தங்கைக்கு ஆர்ஜொந்தெயில் ஒரு மண்டபத்தில் கலியாணம் வைத்திருந்தார். அது ஒரு அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு லூயி-பிளாங் தெருவில் வண்டியை நிறுத்தினேன். தட்டிகள் நடைபாதையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் பெரியது பின்தட்டி. ஆள் உயரத்துக்கும் மேலே, உச்சியில் வளைவாக, நடுவில் யோகன் கையால் வரைந்து, கிரீடத்துக்கும் காதுக்கும் ரெஜிபோம் ஒட்டி எடுப்பாக்கிய பிள்ளையார். அதை எங்கே வைப்பது என்பதில் தொடங்கியது பிரச்சினை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"இதுதான் பெரிசு அண்ணை. இதை அடியிலை போடுவம்," என்றார் யோகன். "முகம் கீழை பார்க்க. கம்பளி ஒண்டை விரிச்சு வைச்சாச் சரி. மிச்சத் தட்டியள் மேலை வந்தா இது அசையாது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றார் சண்முகம். "பிள்ளையாரைக் குப்புறப் படுக்க வைச்சு, அவரின்ரை முதுகிலை பலகை அடுக்கப்போறியோ? என்ரை தங்கச்சியின்ரை கலியாணம் ஐசே இது!"

"அப்ப மேலை வைப்பம். வைச்சா முகத்துக்குக் குறுக்காலை கயிறு வரும்."

"அதுவும் ஏலாது. கழுத்திலை கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்த சாமிக்கு முன்னாலை ஆர் தாலி கட்டுறது?"

"நான் கீறின பிள்ளையார் அண்ணை. என்னோடை கோவிக்கமாட்டார்."

"உன்னோடை கோவிக்கமாட்டார். உனக்குக் கலியாணம் முடிஞ்சுது. அவளுக்கு இனித்தான்."

யோகன் சிரித்துவிட்டார். தட்டியை நீளவாக்கில் திருப்பி, வளைவு பின்பக்கம் வரும்படி காலை முன்னால் வைத்தாவது ஏற்றலாம், காற்று குறைவாகப் பிடிக்கும் என்று பார்த்தார். சண்முகம் அதற்கும் கையை உயர்த்தினார். காலை முன்னால் வைத்துக் கொண்டுபோவது பிணத்தை. இதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணை, வண்டி உங்கடை," என்றார் யோகன். "நீங்கள் சொல்லுங்கோ."

மகனே, எனக்குத் தெரிந்திருந்தது. கலேரியோடு வந்த சிறு புத்தகத்தை நான் வரிக்கு வரி வாசித்திருந்தேன். எதையும் வரிக்கு வரி வாசிப்பவன் நான். பெரிய தட்டி அடியில் வரவேண்டும், வழவழப்பான முகம் கீழே பார்க்கவேண்டும், நடுவில் கம்பளி விரிக்கவேண்டும், இரண்டு இடத்தில் குறுக்காகக் கயிறு போய்க் கலேரியின் சட்டத்தில் முடியவேண்டும், முன்விளிம்பிலிருந்து வண்டியின் முன்பக்க இரும்புக்கு இரண்டு கயிறு இறங்கவேண்டும் என்றெல்லாம் தெரியும். யோகன் சொன்னது சரி. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. ஒரு கிறிஸ்தவன் நின்றுகொண்டு, பிள்ளையாரைக் குப்புறப் போடு, முகத்தின்மேல் கயிற்றைக் கட்டு என்று உத்தரவிடுவது அழகா என்று நினைத்தேன். எங்கள் ஊர்த் திருவிழாத் தேரில் மாதா சிலையை இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டித்தான் நிறுத்துவார்கள். மாதாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. என் பெருந்தன்மை மட்டும்தான் வந்தது. அதை நானே கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுச் சொன்னேன்: "அவங்க சாமி, அவங்க கல்யாணம். சண்முகம் சொல்றபடியே முகத்துல கயிறு படாம மேல கட்டிடுங்க, யோகன்."

"சரி அண்ணை," என்றார் யோகன். கட்டினார். எல்லாத் தட்டிகளுக்கும் மேலே, முகம் வானத்தைப் பார்க்க, தலை முன்னால். காலடியில் ஒரு கயிறு, மோதகம் வைத்திருக்கும் கைக்குக் கீழே ஒரு கயிறு. அதற்குமேல் முன்பக்கம் முழுவதும், கிரீடம் வரை, கயிறு இல்லை. மரியாதை மட்டும் இருந்தது. மனம் கேட்காமல் தட்டியின் இரண்டு ஓரத்திலும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு ஒவ்வொன்று மாட்டினார். அந்த மாதிரி ரப்பர் கயிறுகளை உன் பெட்டியில் பார்த்தேன். தூக்கிப் போட்டுவிடு. இழுத்தால் நீள்வதுதான் அதன் வேலை. காற்றும் இழுக்கத்தான் செய்யும்.

புறப்பட்டோம். சண்முகம் பின்னிருக்கையில், மடியில் கும்பமும் தேங்காயும், காலடியில் குத்துவிளக்கு. யோகன் என் பக்கத்தில், ஜன்னலை இறக்கி, வலது கையை வெளியே நீட்டித் தட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி. இதை நீ தெருவில் அடிக்கடி பார்ப்பாய். மெத்தை ஏற்றியவர்கள் எல்லாரும் இப்படி ஒரு கையை வெளியே விட்டிருப்பார்கள். அந்தக் கை எதையும் பிடிப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது, அவ்வளவுதான். காற்று தட்டியைத் தூக்கினால் கையையும் சேர்த்துத் தூக்கும். கையை வெளியே வைத்துத்தான் போகவேண்டும் என்ற நிலைமை வந்தால், கட்டு சரியில்லை என்று பொருள். இறங்கிக் கட்டு.

நகரத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று நின்று போகும் வண்டியில் எதைக் கட்டினாலும் நன்றாகக் கட்டியதாகவே தோன்றும். நகரத்தைத் தாண்டி வேகம் எடுத்ததும் கூரைமேல் ஒரு ஓசை தொடங்கியது. தும்பி ரீங்காரம் போல் ஆரம்பித்து, பிறகு நாகசுரத்தில் ஒத்து ஊதுவது போல் ஒரே சுருதியில் நின்றது.

"என்ன சத்தம்?" என்றார் சண்முகம்.

"கயிறு துடிக்குது," என்றார் யோகன். "நிப்பாட்டி ஒருக்காப் பாப்பமோ அண்ணை?"

"ஒன்பதரைக்கு முகூர்த்தம். நீ நிப்பாட்டினாலும் ஐயர் நிப்பாட்டமாட்டார்," என்றார் சண்முகம்.

"ரெண்டு நிமிசம் அண்ணை."

"மண்டபத்திலை வந்து பூட்டவே ஒரு மணித்தியாலம் வேணும் எண்டு நீதானே சொன்னனி?"

யோகன் மறுபடி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். சாலையைப் பார்ப்பது வண்டி ஓட்டுபவனின் கடமை என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. மகனே, புறப்பட்டுப் பத்து நிமிஷத்தில் ஒருமுறை கட்டாயம் நிறுத்து. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தட்டிகள் தங்களுக்குள் இடம் பார்த்து உட்காரும், கயிறு தளரும். ஓசை வந்தால் பத்து நிமிஷம்கூடக் காத்திருக்காதே. கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் ஓசை நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்த கயிற்றின் ஓசையை முறுக்கி நிறுத்துவதால் என்ன பயன் என்பதை நீயே யோசித்துக்கொள்.

ஆர்ஜொந்தெய்ப் பாலத்தில் ஏறினோம். சூரியன் முதுகுப் பக்கம் இருந்ததால் வண்டியின் நிழல் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சேன் நதியிலிருந்து காற்று பக்கவாட்டில் அடித்தது. ஒரு பெரிய சுற்றுலாப் பேருந்து எங்களை முந்திப் போனது. அது போன அடுத்த வினாடி, முன்னால் இருந்த நிழல் திடீரென்று இரண்டு மடங்கு உயரமானது. கூரைமேல் பிள்ளையார் எழுந்து நின்றுவிட்டார் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். யோகன் "ஐயோ" என்று கையை இழுத்துக்கொண்டார். பட், பட் என்று இரண்டு சத்தம். நிழல் மறுபடியும் சின்னதாகிவிட்டது.

பின்னால் வந்தது ஒரு ரொட்டிக் கடையின் சிறிய வண்டி. தட்டி அதன் முன்கண்ணாடியில் முகம் பதித்து விழுந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டியை எங்கும் இடிக்காமல் நிறுத்திவிட்டு, தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூளோடு கீழே இறங்கி, பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் ஒரு கீறல். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சாலையில் கிடந்த தும்பிக்கைத் துண்டைப் பார்த்து, "அது என்ன, யானையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை காலையில்!" என்றாள். அந்த இடத்தில் அவளுக்குப் பதில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். எழுதினாலும் சிறையிலிருந்து எழுதியிருப்பேன், அதுதான் நியாயமாகவும் இருந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவது உன் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார். மற்றவர், வயதில் பெரியவர், மீசைக்காரர், என் பெர்மியையும் வண்டிக் காகிதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கலேரியில் தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்து, "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டார். பிரெஞ்சில், என்னைப் பார்த்து, தெளிவாகக் கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், திரும்பி, அந்தக் கேள்வியை யோகனுக்கும் சண்முகத்துக்கும் தமிழில் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வி என்னிடம்தான் வந்தது. மொழிபெயர்ப்பாளனுக்குக் கேள்விகள் கிடையாது, அவன் வழியாகத்தான் அவை போகும் என்பது எனக்குப் பல வருஷங்களாகத் தெரிந்த ஒரு வசதி.

சண்முகம் கும்பத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். யோகன்தான் முன்னால் வந்தார். "நான்தான் கட்டினனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பொய் இல்லைத்தானே."

"இவர்தான் கட்டினார்," என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். சுத்தமான மொழிபெயர்ப்பு. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அவர் வேறு மாதிரிக் கட்டத்தான் விரும்பினார், இப்படிக் கட்டச் சொன்னவன் நான், நிறுத்திப் பார்க்கலாம் என்று அவர் கேட்டும் நிறுத்தாமல் ஓட்டியவனும் நான் என்பதெல்லாம் யோகன் சொல்லாததால் நானும் மொழிபெயர்க்கவில்லை. எனக்கு அலுவலகத்தில் அந்த வருஷக் கடைசியில் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. போலீஸ் அறிக்கை ஒன்று அலுவலகத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பதவி உயர்வு பிறகு வந்தது. ஜன்னலோரத்தில் மேஜை கொடுத்தார்கள்.

மீசைக்காரர் யோகனிடம் காகிதம் கேட்டார். யோகன் ரெசெப்பிசேயை எடுத்து, மடிப்புக் கிழியாமல் உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குறிப்பேட்டில் எதையோ எழுதினார். பேனா நகர்வதையே யோகன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதம் திரும்பி வந்தது. மிச்சத் தட்டிகளை இறக்கி, கம்பளி விரித்து, ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். யோகன்தான் கட்டினார். இந்த முறை யாரும் அவருக்கு யோசனை சொல்லவில்லை.

முகூர்த்தம் தவறவில்லை. மண்டபத்தில் மேஜைப்பந்து விளையாடும் பலகை ஒன்று மடித்து வைத்திருந்தது. யோகன் அதில் பாதியை நிமிர்த்தி, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த அரக்குப் பட்டுச் சேலையைப் போர்த்தி, பின்தட்டி இருந்த இடத்தில் நிறுத்திவிட்டார். படங்களில் பார்த்தால் தெரியாது. உற்றுப் பார்த்தால் மணப்பெண்ணின் தோளுக்குமேல் வலைக் கம்பியின் நுனி ஒன்று தெரியும். சாப்பாட்டுப் பந்தியில் யோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அண்ணை, என்ரை பேரை எழுதினவர்தானே?"

"ஏதோ எழுதினார்."

"உது அகதிக் கேஸ் பாக்கிற கந்தோருக்குப் போகுமோ?"

"தெரியலை, யோகன்."

"போனா, இவன் வந்த இடத்திலை குழப்படி எண்டு நினைப்பாங்கள். என்ன?"

"அப்படியெல்லாம் இருக்காது."

"ஓம். இருக்காது." சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஆனா உங்களுக்குத் தெரியாது," என்றார்.

தெரியாதுதான். ஆனால் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அல்ல. கோமிசாரியாவுக்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய், வண்டியோட்டி நான், பொறுப்பு என்னுடையது என்று ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதரின் பெயர் எங்கே போகும் என்று கேட்டிருக்கலாம். என் வேலையே அரசாங்கக் காகிதங்களின் பாதை தெரிந்து வைத்திருப்பது. அன்று இரவு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கே போயிட்டு வந்துடுங்க," என்றாள். அடுத்த நாள் அலுவலகத்தில் வேலை அதிகம். அதற்கு அடுத்த நாள் மழை. "போனீங்களா?" என்று தினமும் கேட்டாள். ஐந்தாவது நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். உன் அம்மா கேட்பதை நிறுத்துவது எவ்வளவு கடினமான விஷயம் என்பது உனக்குத் தெரியாது. கலியாணமாகட்டும், நீயும் உன் வீட்டில் தெரிந்துகொள்வாய்.

அதனால் கயிறு பற்றி இவ்வளவு எழுதிய பிறகு, கயிற்றைச் சேராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வண்டிமேல் ஏற்றியதைக் கட்டியவர் யாராக இருந்தாலும், ஓட்டுபவன்தான் கட்டியவன். முடிச்சை நீயே தொட்டுப் பார். திருப்தி இல்லை என்றால், பெரியவர்கள் முகம் சுளித்தாலும், ஐயர் கோபித்தாலும், உன் நண்பனின் மாமனார் சகுனம் பார்த்தாலும், அவிழ்த்துக் கட்டச் சொல். அவர்களின் சாமிக்கு நீ மரியாதை காட்ட நினைத்தால், அதை உடையாமல் கொண்டுபோய்ச் சேர். இப்போது இருக்கும் பின்தட்டியில் வெறும் தாமரை மட்டும்தான் வரைந்திருக்கிறது, வேறு யாரோ செய்தது. அதனால் உனக்கு இந்தச் சங்கடம் வராது. வேறு ஏதாவது வரும். யாராவது வந்து, யார் கட்டியது என்று கேட்டால், உனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளில் அவர்களுக்குப் புரிகிற மொழியில், "நான்" என்று சொல். மொழிபெயர்க்காதே.

பதினோராவது நாள் கோமிசாரியாவுக்குப் போனேன். அதே மீசைக்காரர் இருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்குமூலத்தை நின்றபடியே சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் வண்டி எண் இருந்தது. என் பெயர் இருந்தது. ரொட்டிக்காரப் பெண்ணின் பெயர் இருந்தது. வேறு பெயர் எதுவும் இல்லை. "இன்னொருவரின் பெயரை எழுதினீர்களே?" என்று கேட்டேன். "எதற்கு எழுதவேண்டும்?" என்றார் அவர். "வண்டியை ஓட்டியது நீங்கள்தானே? நான் எழுதியது மணி." அபராதச் சீட்டு தபாலில் வரும் என்று சொல்லி, கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அங்கிருந்து நேராக லூயி-பிளாங் தெருவுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட, என் வயதுக்கு ஓடினேன் என்று சொல்லலாம். கடையில் யோகன் இல்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "அவன் போட்டானண்ணை," என்றார். "திங்கக்கிழமை. ஜெர்மனிக்கு. உங்கை பொலிஸிலை பேர் பதிஞ்சிட்டுது, இனி இஞ்சை கிடைக்காது எண்டு சொன்னவன். ரெசெப்பிசேயைக் கிழிச்சுப்போட்டுத்தான் போனவன்." முகவரி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அன்று வியாழக்கிழமை.

மூன்று வாரம் கழித்து யோகன் பெயருக்கு அந்தக் கடை முகவரியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் தரமுடியாது என்பதால் தபால்காரர் ஒரு சீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார். பதினைந்து நாள் தபால் நிலையத்தில் இருந்துவிட்டு, பிறகு நான் விசாரித்து அறிந்தபடி அவரை அகதி என்று ஏற்றுக்கொண்ட அந்தக் கடிதம் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போனது.

அப்பா